மோட்டார்ஹோம் லெவலிங்: மட்டம் முக்கியம், டயர் அதைவிட முக்கியம்

அமெரிக்காவுல மோட்டார்ஹோம் எடுத்துக்கிட்டு ரோடு ட்ரிப் போற பிளான் இருக்கா? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான். கேம்ப்கிரவுண்ட்ல நிறுத்தினதும் முதல் வேலை, வண்டியை மட்டமாக்குறது.

ஏன்? நிம்மதியா தூங்க மட்டும் இல்லை. நிறைய வண்டிகள்ல இருக்கிற கேஸ் ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரஸர் கிடையாது. அதுக்குள்ள அம்மோனியா கலந்த திரவம் புவியீர்ப்பாலதான் கீழே ஓடி வரும். வண்டி ரொம்பச் சாய்ஞ்சா அந்த ஓட்டம் தடைப்பட்டு, ஃப்ரிட்ஜ் நிரந்தரமாவே கெட்டுப்போகலாம்.

பெரிய வண்டிகள்ல 'ஆட்டோ லெவல்' பட்டன் இருக்கும். அமுக்கினா ஹைட்ராலிக் ஜாக்குகள் இறங்கி வண்டியைத் தூக்கும். ஒரு சாஃப்ட்வேர் ஆளா எனக்கு இங்கதான் உறுத்துது. சென்சார் பார்க்கிறது சாய்வை மட்டும்தான். டயர் தரையில இருக்கா, அந்தரத்துல இருக்கான்னு அதுக்குத் தெரியாது.

பல மோட்டார்ஹோம்கள்ல பார்க்கிங் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அதைத் தூக்கிட்டா பிரேக் போட்டும் பிரயோஜனமில்லை. 10 டன் வண்டி ஜாக்கை மடக்கிட்டு நகர ஆரம்பிக்கலாம். பிரேக் டிரைவ் ஷாஃப்ட்ல இருந்தா, ஒரே ஒரு பக்கப் பின் சக்கரம் தூக்கினாலே போதும், இன்னொரு பக்கம் உருள ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு, ஃபிரேம் முறுக்கிக்கிறது. டீக்கடையில ஆடுற டேபிளோட ஒரு காலுக்கு அட்டை வைப்போம்ல? மோட்டார்ஹோம்ல அப்படி ஒரு மூலையை மட்டும் தூக்கினா, முன்கண்ணாடி விரிசல் விடலாம், கதவு இறுகிக்கலாம். அதனால ஜாக்குகளை ஜோடி ஜோடியா இறக்கணும்.

சரி, வரிசையைப் பார்த்துடலாம். முடிஞ்ச அளவு சமமான இடமா தேடுங்க. பள்ளமான பக்கத்துச் சக்கரங்களை லெவலிங் பிளாக் மேல ஏத்துங்க. டயரோட முழு அகலமும் பிளாக் மேல உட்காரணும், பின்னாடி இரட்டை டயர்னா ரெண்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்க. ஜாக் மண்ணுல புதையாம இருக்க அடியில பலகை வைங்க. அப்புறம்தான் ஜாக். மட்டம் வந்ததும் இறங்கி ஒரு சுத்து சுத்தி டயர்களைப் பாருங்க. ஏதாவது ஒண்ணு தூக்கியிருந்தா ஜாக்கை ஏத்திட்டு, பிளாக்கைக் கூட்டுங்க, இல்லைன்னா இடத்தை மாத்துங்க.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. ஸ்லைட்-அவுட்டை முதல்ல திறக்கணுமா, லெவல் பண்ணிட்டா? அது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்த்துக்கோங்க. கிளம்பும்போது எல்லா ஜாக்கும் மேலே ஏறிடுச்சான்னு கண்ணால பார்த்துட்டு வண்டியை எடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!