இல்லத்து வாசலில் தலவிருட்சம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றையும் போற்றுவது போலவே தலவிருட்சத்தையும் இறைவனின் திருவடிவாக வணங்குவது நம் முன்னோர் வகுத்த மரபாகும். ஆலயத்தில் இம்மரபு காக்கப்படுகிறது. ஆனால், இல்லத்து வாசலில் எந்த மரத்தை நடுவது என்ற கேள்வி எழும்போது, போர்ட் கிள்ளான் வட்டார அன்பர்கள் பலர் தடுமாறுகின்றனர். தமிழகத்திலிருந்து கன்று கொண்டுவந்தால்தான் புனிதம் என்று எண்ணுவோரும் உளர். உரிய அனுமதியின்றிச் செடிகொடிகளை நாட்டினுள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

அவ்வாறு அலையவும் தேவையில்லை. தமிழகத்துத் திருத்தலங்களில் வணங்கப்பெறும் மரங்களுள் சில, நம் பாட்டன்மார் கப்பலேறி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலாயா மண்ணில் இயற்கையாய் வளர்ந்து நின்றவை.

சதுப்பில் எழுந்த துறைமுகம்

போர்ட் கிள்ளான் துறைமுகம் 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பெற்றது. கடலோரச் சதுப்புக் காட்டை அழித்து அமைத்த அவ்விடத்தில் மலேரியாக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்களை வாட்டியது. வடிகால்கள் வெட்டி, பள்ளங்களை நிரப்பிய பின்னரே ஊர் நிலைபெற்றது. 1972இல் அது இன்றைய பெயரைப் பெற்றது.

நம்மவர் பாலூட்டி வளர்த்தாற்போல் வளர்த்த ரப்பர் மரமோ பிரேசில் நாட்டிற்கு உரியது. அதன் கன்றுகள் 1877இல்தான் இங்கு வந்து சேர்ந்தன. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிற்கு உரியது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் அது முதன்முதலாக வாணிக அளவில் பயிரிடப்பட்டது. பிழைப்பிற்காக வளர்த்த மரங்கள் அயலவை. வழிபாட்டிற்குரிய மரங்கள் சிலவோ இம்மண்ணிலேயே காத்திருந்தன. இந்த உண்மையை நம் இளைய தலைமுறை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இரு கரைக்கும் உரிய மரங்கள்

மகிழ மரம் திருவொற்றியூரின் தலவிருட்சம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்த வரலாறு இம்மரத்தோடு பிணைந்ததாகும். மலாய் மொழியில் தஞ்சோங் என வழங்கும் மரம் இதுவே. இதன் சிறிய மலர் வாடிக் காய்ந்த பின்னரும் மணம் மாறாது. மெதுவாக வளரும், கிளைகளைக் கழித்து உயரத்தை அடக்கிவைக்கலாம். ஓரளவு திறந்தவெளி உள்ள மூலை வீட்டிற்கு இதைவிடச் சிறந்த மரம் காண்பது அரிது.

புன்னை, மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தின் தலவிருட்சம். அம்பிகை மயிலுருவில் ஈசனைப் பூசித்தது புன்னை நிழலில் என்பது தலபுராணம். இம்மரம் இந்நாட்டுக் கடற்கரைகளிலும் இயல்பாக வளர்வது. பெனாகா லாவுட் என்பர். உப்புக் காற்றைத் தாங்கும். பெருமரம் ஆதலால் ஆலய வளாகத்திற்கே பொருந்தும்.

மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக் கடம்பும் அத்தகையதே. கெலெம்பாயான் என்னும் பெயரில் இந்நாட்டுக் காடுகளில் விரைந்து ஓங்கும் அதனை வரிசை வீட்டின் முற்றத்தில் நடுதல் கூடாது.

நெல்லியைப் பற்றிக் கூறவே வேண்டா. மலாக்கா மாநிலத்திற்குப் பெயர் தந்தது நெல்லி மரமே என்பது வழிவழியாக வரும் செய்தி. மன்னர் பரமேசுவரா இளைப்பாறிய மரத்தின் பெயரையே ஊருக்குச் சூட்டினார் என்பர். ஆதிசங்கரருக்கு ஏழை மாது ஒருத்தி அன்புடன் இட்ட கனியும் நெல்லியே. நீர் தேங்காத மேட்டில் நட்டால் அது நன்கு வளரும்.

தாம்பூலத் தட்டின் தாயகம்

பூசைத் தட்டில் வைக்கும் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் ஆகிய மூன்றும் தென்கிழக்காசியப் பகுதியைத் தாயகமாகக் கொண்டவை என்பது தாவரவியலார் கருத்து. நாம் உண்ணும் வாழையின் காட்டு மூதாதை இன்றும் மலேசியக் காடுகளில் காணப்படுகிறது. ஒரு வாழை, வேலியோரம் ஒரு வெற்றிலைக் கொடி, மூலையில் ஒரு கமுகு என்று இருபது அடி அகல வீட்டிலும் இவற்றை வளர்க்க இயலும்.

கனிமரம் விரும்புவோர்க்கு ஜம்பு ஆயர் ஏற்றது. ஈரமண்ணைப் பொறுத்துக்கொள்ளும்; சில ஆண்டுகளிலேயே காய்க்கும். ரம்புத்தான் வைப்போர் ஒட்டுக்கன்றையே வாங்குதல் நலம். விதைக்கன்று ஆண்மரமாகிக் காய்க்காமல் போவதுண்டு. மங்குஸ்தீன் காய்க்கப் பல ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும்.

இடமே இல்லாதோர் தொட்டியில் முருகப்பெருமானுக்கு உகந்த வெட்சியை வளர்க்கலாம். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் நாள்தோறும் பூசைக்கு மலர் தரும். செம்பருத்தி இம்மண்ணில் தோன்றியதன்று எனினும், 1960 முதல் இந்நாட்டின் தேசிய மலராக விளங்குவது.

வீட்டிற்கு ஆகாதவை

அரசும் ஆலும் ஆலயத்திற்கும் திறந்த வெளிக்கும் உரியவை. பறவையின் எச்சத்தால் சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றை வெட்ட அஞ்சி, மஞ்சள் துணி கட்டி விட்டுவிடுவோர் உண்டு. ஆண்டுகள் செல்ல வேர் சுவரைப் பிளக்கும், வடிகாலை உடைக்கும், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலும் வரும். கன்று சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்து, இடமுள்ள ஆலயத்திடம் ஒப்படைப்பதே பக்திக்கும் நல்லுறவிற்கும் உகந்த வழி.

சிதம்பரத்தின் தலவிருட்சமாகிய தில்லை மரம் மேற்குக் கரையின் சதுப்புக் காடுகளில் இன்றும் வளர்கிறது. கூத்தப்பெருமானின் மரம் என்று அதனை வீட்டில் வைத்தல் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். மலாய்க்காரர்கள் அதனைப் பூத்தா பூத்தா, அதாவது குருடு என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். காட்டில் கண்டால் கைகூப்பி வணங்கிச் செல்வதே தகும்.

அரளி மலர் பூசைக்கு உரியதாயினும், செடி முழுவதும் நஞ்சாகும். குழந்தைகள் உள்ள இல்லத்தில் தவிர்க்க வேண்டும்.

நடும் முறை

கடலோரச் சதுப்பு மண் களிப்பானது. வடிந்து காற்றுப்படும்போது புளிப்பேறும் தன்மையுடையது. ஆதலால் தோட்டச் சுண்ணாம்பும் மக்கிய எருவும் கலந்து, தரையினின்று ஓரடிக்கு மேல் மேடை எழுப்பி அதன்மீது கன்றை நடவேண்டும். இப்பகுதியில் மழை மிகுவது சித்திரையை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும் ஆகும். அப்பருவங்களில் நட்டால் நாள்தோறும் நீர் சுமக்கும் சிரமம் குறையும். தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கவிடலாகாது. டிங்கிக் கொசு பெருகுவது அங்கேதான். அன்று மலேரியாவால் வாடிய ஊர் இன்று டிங்கிக்கு இடங்கொடுத்தல் தகாது.

திருவிழா நாளில் கடைமாலை வாங்கிச் சாத்துவதில் குறையொன்றும் இல்லை. எனினும், தாம் நீரூற்றி வளர்த்த மகிழம்பூ ஒரு கைப்பிடியைக் குழந்தைகள் ஆலயத்திற்கு ஏந்தி வரும்போது, அம்மலரின் பெயரையும் அதன் திருத்தலத்தையும் அவர்கள் கேட்டறிவர். அந்த அறிவு தலைமுறைக்கும் நிற்கும். மரத்தின் பெயர் மறந்தால் மரபும் மெல்ல மறையும்.

இவ்வாண்டுத் திருவிழா நிறைவுற்றதும், ஒவ்வொரு குடும்பமும் இம்மண்ணுக்கும் நம் வழிபாட்டிற்கும் ஏற்ற ஒரு கன்றை நட்டு இறையருள் பெறுவதாக!