தூங்காத மந்திரவாதி

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வாள் ஏந்தும் வீரனுக்கான விதிகளில் சண்டை குறைவு; மந்திரவாதிகளிடம்தான் வழக்கே தொடங்குகிறது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வார்லாக், சோர்சரர் என இரு வகையினர் உண்டு. வார்லாக், மறுவுலகச் சக்தி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவன். தொடக்கத்தில் ஒன்றிரண்டு மந்திர ஸ்லாட்டுகளே அவனுக்கு உண்டு. ஆனால் ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே அவை திரும்பிவிடும். சோர்சரருக்கு மந்திரம் பிறவியிலேயே ஊறியது. அவன் ஸ்லாட்டைப் புள்ளியாக்கலாம், புள்ளியை மீண்டும் ஸ்லாட்டாக்கலாம். அப்படி உருவாக்கிய ஸ்லாட் எட்டு மணி நேர நீள் ஓய்வு முடிந்ததும் மறையும்.

ஒரே பாத்திரம் இரண்டு வகையையும் கற்றால்? இரண்டாம் நிலை வார்லாக்கின் இரு ஸ்லாட்டுகள் இரண்டு புள்ளிகள். இரண்டு புள்ளிகளுக்கு ஒரு புதிய முதல்நிலை ஸ்லாட். இரவில் தூங்காமல் எட்டுக் குறு ஓய்வு எடுத்தால் விடியும்போது எட்டு ஸ்லாட்டுகள் கூடுதல். நீள் ஓய்வே எடுக்காதவரை சேமிப்பு வளரும். காப்பி குடித்து விழித்திருப்பவன் என்று இவனுக்குக் 'காபிலாக்' எனப் பட்டப்பெயரே உண்டு!

எங்கள் விடுதி மேசையில் நான்தான் ஆட்ட நடத்துநர். நண்பன் ஒருவன் இப்படிச் சேர்த்து வைத்ததைச் சண்டையின் நடுவில்தான் கவனித்தேன். "செல்லாது" என்றேன். "மச்சான், தடை எங்கே எழுதியிருக்கு, காட்டு" என்றான். காட்ட முடியவில்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லை.

2017-இல் வந்த 'சனதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' நூலில் ஒரு விருப்ப விதி இருக்கிறது. நீள் ஓய்வின்றி 24 மணி நேரம் கழிந்தால் பகடையில் 10 எட்ட வேண்டும்; தவறினால் களைப்பு ஒரு படி ஏறும். ஆறாம் படி மரணம். ஓட்டை அடைபட்டது என்று நினைத்தோம். ஆனால் அதே நூல் வார்லாக்குக்குத் தூக்கமே தேவைப்படாத ஒரு வரத்தையும் தருகிறது. விதியின் முன்னுரை தூக்கமின்மை பற்றிப் பேசுகிறது. விதியோ நீள் ஓய்வு என்கிறது. வரம் பெற்றவன் களைப்படைவானா? விதிவரியைப் பிடித்தால் அடைவான். முன்னுரையைப் பிடித்தால் இல்லை. தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வெவ்வேறு உரை சொல்வதைப் படித்த நமக்கு இது புதிதல்ல.

என் கருத்து இதுதான். வார்லாக்குக்கு ஸ்லாட் குறைவாக வைத்ததே அது விரைவில் திரும்பும் என்பதால். சோர்சரரின் மாற்றுவிலையோ, ஸ்லாட் அரிது என்ற கணக்கில் வைக்கப்பட்டது. தனித்தனியாக எழுதிய இரண்டு கணக்குகள் ஒரே ஆளிடம் சேரும் என்பதை யாரும் முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை போலும். ஆகவே 'தடை இல்லை' என்பதை 'அனுமதி' என்று நான் வாசிப்பதில்லை. ஆனால் அவன் ஏமாற்றவும் இல்லை. புத்தகத்தை என்னைவிடக் கவனமாகப் படித்திருந்தான். என் தவறு தீர்ப்பில் இல்லை, அதைச் சொன்ன நேரத்தில்.

அறைக்குச் சென்று அதைச் சொன்னேன். அன்றைய சண்டைக்கு அவனுடைய எட்டு ஸ்லாட்டுகளும் செல்லும். அதன்பின், உருவாக்கிய ஸ்லாட்டுகள் ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது என்று முடிவாயிற்று. நான்கு கேட்டான். மூன்றிலேயே நின்றேன். சனிக்கிழமை பகடைப் பையோடு வந்து உட்கார்ந்தான்.