பறைத்தோலைப் பதனிடுவதில்லை

ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வேலூரைச் சுற்றிய ஊர்களில் தோல் என்றாலே பதனிட்ட தோல்தான். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை இன்று பெரும்பாலும் குரோம் உப்பு செய்கிறது: தோலின் நாருக்குள் இறங்கி, அது அழுகாமலும் விறைக்காமலும் காக்கிறது. ஷூவுக்கு அந்த மென்மை வேண்டும், பறைக்கு ஆகாது. மயிரும் சதையும் நீக்கி இழுத்துக் காயவைத்த பச்சைத் தோலைத்தான் வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை கொண்டு ஒட்டுவது மரபு. காயக் காய அது இறுகும், தீயில் காட்டினால் இன்னும் இறுகும். அந்த இறுக்கம்தான் ஒலி. பழைய இசைத்தொகுப்புகளைத் தூசு தட்டி மறுவெளியீடு செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். டார்க் ஃபோக், ஆம்பியன்ட் போலத் துயரமும் மௌனமும் கலந்த இசை என்றால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மேற்கில் 'டார்க் ஃபோக்' என்று அழைக்கப்படும் வகையை நாம் புரிந்துகொள்ள ஒப்பாரியை நினைத்தால் போதும்: நாட்டார் மெட்டு, இழப்பின் குரல், அலங்காரமில்லாத வாத்தியம். 'ஆம்பியன்ட்' என்ற பெயரை நிலைநிறுத்தியது பிரையன் ஈனோவின் 1978ஆம் ஆண்டுத் தொகுப்பு 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. உற்றுக் கேட்கவும் செய்யலாம், அறையின் காற்றோடு கலந்துபோகவும் விடலாம் என்பது அதன் இயல்பு. இரண்டும் சந்திக்கும் இடத்துக்குப் பழைய உதாரணம், நிகோ என்ற ஜெர்மன் பாடகி 1968இல் வெளியிட்ட 'தி மார்பிள் இண்டெக்ஸ்'. நம் நாடக மேடைகளுக்கு நன்கு பழகிய ஹார்மோனியம்தான் அதன் முதுகெலும்பு. வாத்திய அமைப்பு ஜான் கேல். வந்தபோது அது விற்கவில்லை. 1991 மறுவெளியீட்டில் விடுபட்ட இரண்டு பாடல்கள் சேர்ந்தன. 2007இல் அடுத்த தொகுப்பான 'டெசர்ட்ஷோர்' உடனும் கைவிடப்பட்ட பதிவுகளுடனும் இரட்டைத் தொகுப்பாக வந்தது. பழையதைப் பளபளப்பாக்குவதைவிட, அது எப்படி உருவானது என்பதைக் கேட்பவர் முன் வைத்தது பெரிய காரியம்.

பளபளப்பாக்கினால் என்ன ஆகும்? இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு நாடாவின் 'உஸ்' ஒலியையும் பாடுபவரின் மூச்சையும் முழுதாகப் பிரித்தறியத் தெரியாது. இரண்டும் ஒரே அலைவரிசைகளில் கலந்து கிடக்கின்றன. அடுத்து, மெல்லிய பகுதிகளை உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவார்கள். 2008இல் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' தொகுப்பு இப்படி நசுங்கிப்போனதாக அதன் ரசிகர்களே கொதித்தார்கள். ராக் இசை அந்த அடியை ஓரளவு தாங்கும். ஒரு சுரம் தேய்ந்து மறைவதையே பொருளாகக் கொண்ட இசை எப்படித் தாங்கும்? இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி 2001இல் தன் பழைய நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றியபோது, சுழலச் சுழலக் காந்தத்தூள் உதிர்ந்து இசை சிதைந்தது. அந்தச் சிதைவையே அவர் 'தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்' என்று வெளியிட்டார். 2012இல் பெட்டித் தொகுப்பாக அது மறுவெளியீடும் கண்டது. அங்கே குறையைத் திருத்தினால் எஞ்சுவதற்கு எதுவும் இல்லை.

பேருந்தில் இயர்போனில் கேட்பவருக்கு மெல்லிய ஒலி எட்டாதே என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் பாடல்களை ஏறத்தாழ ஒரே உரப்பில்தான் ஒலிக்கவிடுகின்றன; உரக்கப் பதிந்தது அங்கே குறைக்கப்பட்டுவிடும், நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே வெளியிடச் சொல்கிறீர்களா என்றும் கேட்கலாம். இல்லை. பறைத்தோலிலும் சதையைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். வேகம் பிசகியதைச் சரிசெய்வதும், நாடாவைச் சுத்தம் செய்வதும், தட்டின் கீறல் வெடிப்புகளை நீக்குவதும் சுரண்டும் வேலை. அதைத் தாண்டும்போதுதான் பதனிடுதல் தொடங்குகிறது.

தமிழில் இதைச் சோதித்துப் பார்க்க இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' (1986) இருக்கிறது. தியாகராஜருக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாஹ் அவர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்ட தனித்தொகுப்பு, வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்துக்கு இதையே பின்னணியாக எடுத்தாண்டார். கேட்பதற்காகச் செய்த இசை அங்கே ஒரு குடும்பத்தின் கவலையைச் சூழ்ந்து நிற்கும் காற்றாக மாறியது. ஆம்பியன்ட் என்ற சொல் இங்கே புழங்காத நாளில் நடந்த காரியம் இது. அந்த வயலினின் வில் நரம்பில் உரசும் சொரசொரப்பை மழித்துவிட்டு எத்தனை அழகான உறையில் போட்டாலும் அதை மறுவெளியீடு என்று ஏற்க முடியாது.

நாட்டார் இசைக்கு இந்த ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. மழைக்கும் பனிக்கும் தளராது என்பதால் பல பறைகளில் இன்று தோலுக்குப் பதில் ஃபைபர் ஏறிவிட்டது. அடிப்பவரின் சிரமம் குறைகிறது, அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் தோற்பறையின் ஒலி பழைய கேசட்டுகளில்தான் மிஞ்சியிருக்கும் என்ற நிலை வரலாம். அவற்றை இரைச்சல் நீக்கி உரக்க ஏற்றினால், முதலில் போவது குச்சி தோலைத் தொடும் அந்த நொடியின் கூர்மை.