மிக்கி மவுஸ் பாடம் நடத்துமா?

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் புதிய கடை திறந்தாலும் சரி, பாலர் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி நடந்தாலும் சரி, வாசலில் ஒரு மிக்கி மவுஸ் நிற்கிறது. பெரிய தலையும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு திருகோணமலை வெயிலில் கையசைக்கும் அந்த வேடத்துக்குள் இருப்பவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. கடை வாசலில் அது நிற்பதைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. அதைச் சரியாகவே செய்கிறது. ஆனால் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட ஓர் இடத்தில் அதே வேடம் வந்து நின்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு நாற்பது வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடம் அமெரிக்காவில் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் வேறு யாருமல்லர், மிக்கி மவுஸின் சொந்தக்காரர்களான டிஸ்னி நிறுவனத்தாரே.

அந்த இடத்தின் பெயர் எப்கொட். 1966இல் காலமான வோல்ட் டிஸ்னி, நாளைய உலகத்துக்கு முன்மாதிரியாக மக்கள் உண்மையிலேயே குடியிருக்கும் ஒரு நகரத்தைக் கட்ட ஆசைப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் நகரத்தைக் கைவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புளோரிடா மாநிலத்தில் ஓர் அறிவுப் பூங்காவை அமைத்தார்கள். 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி அது திறக்கப்பட்டது. வாசலில் 180 அடி உயரமான கோள வடிவக் கட்டடம். அதற்குள் குகை ஓவியக் காலம் முதல் மனிதர் செய்தி பரிமாறிய வரலாறு. அதன் கதையை அமைக்க உதவியவர் ரே பிராட்பரி என்ற புகழ்பெற்ற எழுத்தாளர். இன்னொரு மண்டபத்தில் படகில் இருந்தபடியே உண்மையான பயிர்கள் வளரும் கண்ணாடி வீடுகளைப் பார்க்கலாம். பின்பக்கத்தில் ஒரு வாவியைச் சுற்றி ஒன்பது நாடுகளின் கட்டடங்கள்.

இத்தனையும் இருந்த அந்தப் பூங்காவுக்குள் தொடக்கத்தில் மிக்கி மவுஸுக்கு இடமில்லை. பக்கத்தில் இருந்த டிஸ்னியின் மற்றப் பூங்கா விளையாட்டுக்கு, இது அறிவுக்கு என்று பிரித்துக் காட்ட விரும்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சக்தி வளங்கள் பற்றிய மண்டபத்துக்கு எக்ஸோன் எண்ணெய்க் கம்பனியும், போக்குவரத்து மண்டபத்துக்கு ஜெனரல் மோட்டர்ஸ் வாகனக் கம்பனியும் அனுசரணை வழங்கின. எலியை வாசலில் மறித்தவர்கள் எண்ணெய் வியாபாரியை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்! பிள்ளைகளின் கவனத்தைக் கெடுப்பது கார்ட்டூன் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. டிஸ்னியின் பூங்காவுக்கு வந்துவிட்டு மிக்கியைக் காணாமல் போக எந்தப் பிள்ளைதான் சம்மதிக்கும்? ஆறு வயதில் என்னைக் கூட்டிப் போயிருந்தால் நானும் தரையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். சில வருடங்களிலேயே வெள்ளி நிற விண்வெளி உடை போட்ட மிக்கி உள்ளே வந்துவிட்டது. எதிர்கால உலகத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அந்த உடை. ஆனால் உடையை மாற்றியதால் மிக்கி விஞ்ஞான ஆசிரியர் ஆகிவிடவில்லை.

ஏன் என்றால், அது பேசாது. முழுத் தலையும் மூடிய வேடமணிந்த பாத்திரங்கள் டிஸ்னி பூங்காக்களில் பொதுவாக வாய் திறப்பதில்லை. கையசைக்கும், கட்டிப்பிடிக்கும், புத்தகத்தில் கையொப்பம் போடும், படத்துக்கு நிற்கும். “இந்தத் தக்காளி மண் இல்லாமல் எப்படி வளர்கிறது?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அது தலையை ஆட்டும், அவ்வளவுதான். எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது இதுதான். கற்கும் இடத்தில் ஒரு பிள்ளை யாரைத் தேடி ஓடுகிறதோ, அவரிடம் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். (வேடமும் உருவமும் பற்றிய மார்க்கக் கேள்வியை நான் இங்கே தொடவில்லை. அதை உலமாக்கள் சொல்லட்டும்.)

ஒரு முறை ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். மாணவர்கள் மண்ணில் எரிமலை செய்து, வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து அதைப் பொங்கவைத்தார்கள். அதற்குப் பக்கத்தில், கூட்டம் சேர்க்கவென்று, ஒரு கரடி வேடத்தை நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் சேர்ந்தது, கரடியைச் சுற்றி. எரிமலை செய்த பிள்ளை தன் விளக்கத்தை ஒவ்வொரு முறையும் அரைவாசியில் நிறுத்தவேண்டி வந்தது. ஒரு மாதம் அதற்காக உழைத்தேன் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்குக் கரடிமேல்தான் கோபம் வந்தது. பாவம், கரடி என்ன செய்யும்? அதை அங்கே நிறுத்தியவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்!

எல்லாப் பாத்திரங்களும் அப்படியல்ல. எப்கொட்டிலேயே பிக்மெண்ட் என்ற ஊதா நிறக் குட்டி டிராகன் உண்டு. 1983இல் தொடங்கிய கற்பனை பற்றிய சவாரிக்காகவே அதை உருவாக்கினார்கள். எந்தப் படத்திலிருந்தும் இரவலாக வந்ததல்ல. செந்தாடி வைத்த ஒரு கனவுக்காரரும் இந்த டிராகனும் சேர்ந்து, கண்டதையும் கேட்டதையும் சேகரித்து அவற்றிலிருந்து புதியதொன்றை ஆக்குவதே கற்பனை என்று காட்டுவார்கள். பாடத்தைக் கழற்றிவிட்டால் பிக்மெண்டுக்கு வேலையே இல்லை. 1999இல் சவாரியைப் புதுப்பித்தபோது டிராகனைக் கிட்டத்தட்ட நீக்கிவிட்டார்கள். வந்தவர்கள் விடவில்லை, 2002இல் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு அங்குள்ள கடல் மண்டபத்தின் கதைதான் மனதில் நிற்கிறது. 1986இல் திறந்தபோது 2 கோடி லீற்றருக்கு மேற்பட்ட நீர் கொண்ட தொட்டியும் அதற்குள் உயிருள்ள மீன்களும்தான் அதன் பெருமை. 2003இல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்து உலகமெங்கும் ஓடியது. 2007இல் மண்டபத்தின் பெயரே நீமோவின் பெயராக மாறிவிட்டது. சவாரியின் முடிவில் உண்மையான மீன் தொட்டியின் மேலேயே நீமோவின் அசையும் படத்தை விழுத்துகிறார்கள். உண்மை மீனும் படத்து மீனும் ஒன்றாக நீந்துவதுபோல் தெரியும். தொழில்நுட்பம் அருமைதான். ஆனால் எந்த மீனைப் பிள்ளை பார்க்கும்? கதை பேசும் மீனையா, பேசாமல் போகும் மீனையா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட எங்கள் புறாமலைத் தீவின் பவளப்பாறைகளில் நீமோவுக்கு நெருங்கிய உறவான கோமாளி மீன்கள் கடலனிமனிகளுக்குள் வாழ்கின்றன. அவற்றைக் காணும் பிள்ளை “நீமோ!” என்று கத்தும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அந்த மீனைத் திரும்பியும் பார்த்திருக்காது. ஆகவே நீமோ ஒரு கதவைத் திறந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே கூட்டிப்போக ஒருவர் வேண்டும். கடலனிமனியின் நஞ்சு இந்த மீனை ஏன் தாக்குவதில்லை, கூட்டத்தில் பெரியதான பெண் மீன் இறந்தால் ஆண் மீனே பெண்ணாக மாறும் என்பதையெல்லாம் படம் சொல்லவில்லை. உயிரியல் படிக்கும் நாங்கள் வீட்டிலுள்ள தம்பி தங்கைகளுக்குச் சொல்லலாமே.

அதே மண்டபத்தில் 2004இலிருந்து கிரஷ் என்ற கடலாமை ஒன்றும் இருக்கிறது. திரையில் தோன்றும் கார்ட்டூன் ஆமைதான். ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்து அந்த நேரத்திலேயே அதைப் பேசவைக்கிறார். பிள்ளையின் பெயரைக் கேட்கும், கேள்வி கேட்கச் சொல்லும், கேட்டதற்குப் பகிடியோடு பதில் சொல்லும். வெள்ளி உடை போட்ட மிக்கியால் முடியாததை இந்த ஆமை செய்கிறது.

இனி நாடுகளின் பக்கம். நோர்வே மண்டபத்தில் 1988 முதல் அந்நாட்டின் வைக்கிங் கடலோடிகளையும் வடகடலின் எண்ணெய் மேடையையும் காட்டும் படகுச் சவாரி இருந்தது. 2014இல் அது மூடப்பட்டு, 2016இல் ‘ஃப்ரோசன்’ படச் சவாரியாகத் திறந்தது. அந்தப் படம் நடப்பது அரென்டெல் என்ற கற்பனை நாட்டில். உண்மை நாடொன்று, கற்பனை நாட்டுக்கு இடம் விட்டுக்கொடுத்தது.

மொரோக்கோ மண்டபம் 1984இல் சேர்க்கப்பட்டது. மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பிவைத்தார். மராகிஷ் நகரின் குதுபிய்யா பள்ளிவாசல் மினாராவின் வடிவத்தையும், உயிர்களின் உருவம் இல்லாத கணித ஒழுங்குடைய ஓட்டு வேலைப்பாட்டையும் அவர்கள் கையால் செய்து முடித்தார்கள். அந்த மண்டபத்தில் பிள்ளைகளைச் சந்திக்க நின்றவர்கள் யார் தெரியுமா? அலாவுதீனும் ஜஸ்மின் இளவரசியும்! 1992இல் வந்த படத்தில் அவர்களின் ஊர் அக்ரபா; உலகப் படத்தில் அப்படி ஓர் ஊர் கிடையாது. மூலக்கதைகூட மொரோக்கோவினுடையதல்ல. அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்ல, கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதியது அது. கதை நடப்பதோ சீனாவில்! அந்தப் படத்தின் தொடக்கப் பாடலில் அரபு மண்ணை இழிவுபடுத்துவதாக அமெரிக்க அரபு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 1993இல் ஒரு வரியை மாற்றவேண்டி வந்ததும் பலருக்குத் தெரியாது.

ஜஸ்மின் வேடம் போட்டவர் முகம் தெரிய நிற்பவர், பேசுவார். ஆனாலும் அவர் அக்ரபாவைப் பற்றித்தானே பேச முடியும்? பக்கத்துச் சுவரில் அந்த ஓடுகளைப் பதித்த கைகளைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால் இளவரசிக்குப் பதில் தெரியாது. முஸ்லிம் உலகத்தைப் பற்றி முதன்முதலாக அறியும் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை மினாராவை மறந்து இளவரசியோடு எடுத்த படத்தைக் கொண்டு வீட்டுக்குப் போவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அங்கே ஒரு நாள் இலங்கைக்கும் மண்டபம் கட்டினால் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்களோ!

நாடகமும் அரங்கியலும் படிக்கும் என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, கூத்தில் வரும் கட்டியகாரனைச் சொன்னாள். அவனும் வேடம் போட்டவன்தான், சிரிக்க வைப்பவன்தான். ராசா வருகிறார் என்று சபைக்கு அறிவித்துவிட்டு ஒதுங்கி நிற்பான். ராசாவின் இடத்தில் தான் ஆடமாட்டான்.

எங்கள் வகுப்பு மாணவிகள் அடுத்த கண்காட்சிக்கு ஒரு கடலாமை வேடம் செய்கிறோம். இலங்கைக் கரைகளில் முட்டையிடும் 5 வகை ஆமைகளின் படங்களுக்குப் பக்கத்தில் அது நிற்கும். வேடம் போடுபவர் உயிரியல் மாணவியாக இருக்க வேண்டும், அழுங்காமையின் ஓட்டுக்காக மனிதர் அதை ஏன் வேட்டையாடினர் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். துணி வாங்கியாயிற்று. தலைப்பக்கத்தில் வாய் திறந்திருக்கும்படி தைத்துத் தரச்சொல்லி, தையல்கார மாமியிடம் கொடுத்திருக்கிறோம்.