முடிக்கு வாங்கிய டப்பா, தைராய்டு ரிப்போர்ட்டைக் கெடுக்கும் கதை

ஒரு காலத்தில் மெடிக்கல் ஷாப்பில் ‘சத்து மாத்திரை’ என்று கேட்டால் பி காம்ப்ளெக்ஸ் அட்டை ஒன்றைக் கத்தரித்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அலமாரியே ஆசை வாரியாகப் பிரிந்து நிற்கிறது. முடிக்கு ஒரு டப்பா, மூட்டுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, ஜிம்முக்குப் போகிற பையனுக்கு இரண்டு கிலோ டின். செல்போனில் வாங்கினால் இன்னும் உபசாரம். வயது, எடை, என்ன வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ‘உங்களுக்கென்றே தயாரித்த’ பட்டியலை நீட்டுகிறார்கள்.

அடுத்து எப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போகப் போகிறீர்கள் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

முடி கொட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பெண்களும் இப்போது இளைஞர்களும் இதற்காக வாங்கிச் சாப்பிடுவது பயோட்டின். மனித உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 முதல் 40 மைக்ரோகிராம். முட்டை, வேர்க்கடலை என்று சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடுகிறது. பயோட்டின் பற்றாக்குறை மிக அரிது. டப்பாக்களின் மேல் பெருமையாக அச்சிட்டிருப்பதோ 10,000 மைக்ரோகிராம். உண்மையான பற்றாக்குறை இல்லாதவர்களுக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிறகு எப்படிப் பலர் ‘எனக்குக் கேட்டது’ என்கிறார்கள்? டெங்குக் காய்ச்சலோ பிரசவமோ பட்டினி டயட்டோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டும் முடி, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே முளைத்துவிடும். பேர் மட்டும் அந்த நேரத்தில் சாப்பிட்ட டப்பாவுக்குப் போய்ச் சேருகிறது.

காசுதானே போகிறது, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் விஷயம் லேப் வரை போகிறது. தைராய்டு உள்ளிட்ட பல ஹார்மோன் பரிசோதனைகளில், ஹார்மோனைப் பிடித்து அளப்பதற்கு லேப்களின் பரிசோதனைக் கிட்களிலேயே பயோட்டினைப் பயன்படுத்தும் முறை உண்டு. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் ததும்பினால், அது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த இடங்களை முந்திக்கொள்கிறது. விளைவு, டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும் டி4 அதிகமாகவும் ரிப்போர்ட்டில் வரும். மிஷினில் கோளாறு இல்லை, லேப்காரர்களும் தப்புச் செய்யவில்லை; எண் மட்டும் பொய்.

இனி நடக்கக்கூடியதைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்த ஒரு பெண் காலையில் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறார். முடி கொட்டுவதே அந்தக் குறைபாட்டின் அடையாளங்களில் ஒன்று. அவர் தோழி சொன்னாள் என்று பயோட்டின் வாங்குகிறார். ஆறு மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில், மாத்திரை டோஸ் கூடிவிட்டதுபோல் எண்கள் தெரிகின்றன. டாக்டர் டோஸைக் குறைக்கிறார். குறைபாடு திரும்புகிறது, முடி இன்னும் கொட்டுகிறது. அவர் இரண்டாவது டப்பா வாங்குகிறார்.

இது கற்பனைப் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் ஒரு மரணத்தையே குறிப்பிட்டது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையில் பயோட்டின் குறுக்கிட்டதால் எண் பொய்யாகக் குறைந்து வந்த நோயாளி அவர். நெஞ்சு வலியோடு வருகிறவரிடம் ‘முடிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்’ என்று அவசர சிகிச்சைப் பிரிவில் யார் கேட்கப் போகிறார்கள்?

ஜிம் பக்கமும் இதே குழப்பம் உண்டு, வேறு வடிவத்தில். கிரியேட்டின் பொடி, நல்ல ஆராய்ச்சி பின்னணி உள்ள சில சப்ளிமென்ட்களில் ஒன்று. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உடம்பில் அது சிதைந்து கிரியேட்டினினாகிறது. கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் அந்தக் கிரியேட்டினின் அளவை வைத்துத்தான். கம்பெனி மாஸ்டர் செக்கப்பில் அந்த எண் கூடித் தடித்த எழுத்தில் வந்து நிற்கும்போது, 25 வயதுப் பையன் கிட்னி போய்விட்டது என்று கூகுளில் விடிய விடியத் தேடுகிறான். அதைவிட மோசமானது எதிர்ப்பக்கம். கிட்னி நிஜமாகவே கெடத் தொடங்கியிருந்தும், ‘அது பொடியால் வந்தது’ என்று ட்ரெய்னர் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடலாம். சிஸ்டாடின் சி என்ற இன்னொரு பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்க உதவும். ஆனால் பொடி சாப்பிடுவது தெரிந்தால்தானே டாக்டர் அதை எழுதுவார்?

தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது சர்க்கரை நோய். 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி இங்கே 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அவர்களில் பலர் சாப்பிடும் மெட்ஃபார்மின், நாளாவட்டத்தில் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அப்படிப்பட்டவர் ‘ரத்தம் ஊற’ என்று அதிக ஃபோலிக் அமிலம் உள்ள மாத்திரையைத் தானாகச் சாப்பிட்டால், ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் காட்டும். பி12 இல்லாத நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். பாத எரிச்சலைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்து, குடலில் ரத்தக்கசிவோ என்ற பீதியைக் கிளப்பும். அதிக வைட்டமின் சி, மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பழைய முறைப் பரிசோதனையில் இருக்கும் ரத்தத்தையே இல்லை என்று காட்டிவிடும். ஒன்று வீண் பயம், மற்றது வீண் தைரியம். கால்சியத்தையும் இரும்பையும் தைராய்டு மாத்திரையோடு ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வீட்டில் எல்லா மாத்திரையையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் முடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் டாக்டரிடம் சொல்வதில்லை? இந்தச் சப்ளிமென்ட்கள் சட்டப்படி உணவு வகை. ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்று லேபிளிலேயே எழுத வேண்டும் என்பது விதி. ‘வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க?’ என்று டாக்டர் கேட்டால், ‘மருந்து எதுவும் இல்லீங்க’ என்று மனசாட்சியோடு பதில் சொல்கிறார்கள். சொல்பவர் சொன்னாலும் லேபிளை முழுக்க நம்ப முடிவதில்லை. இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், 25 பொடிகளில் இருந்த புரத அளவு லேபிளில் போட்டதோடு ஒத்துப்போகவில்லை.

சப்ளிமென்ட்டே கூடாது, சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்ற வாதமும் உண்டு. கர்ப்பிணிக்கும், பால்கூடத் தொடாத சைவருக்கும் அது பொருந்தாது. அவர்களுக்கு மாத்திரை வேண்டும், அளவு தெரிந்து வேண்டும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முடி கொட்டுகிறதா, அசதியா, முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, டி.எஸ்.எச். பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ஏற்கெனவே பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்; டோஸ் அதிகம் என்றால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டிலுள்ள டப்பா, பொடி, சத்து மிட்டாய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, அவர் கேட்காவிட்டாலும் மேஜையில் வையுங்கள்.