ஜெனரேட்டர் சத்தத்தைக் குறைப்போம், உயிரையும் காப்போம்



2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வர வாரக்கணக்கில் ஆனது. தொட்டியில் தண்ணீர் ஏற்றவும், செல்போன் சார்ஜ் போடவும் அப்போது கை கொடுத்தது ஜெனரேட்டர்தான். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது கடலூர் மாவட்டத்திலும் மக்கள் இருட்டில் தவித்தார்கள். அதனால் மழைக்காலத்துக்கு முன்பே கையில் தூக்கும் சிறிய ஜெனரேட்டரை வாங்கி வைக்கிற வீடுகள் உண்டு. தையல் மெஷின் ஓட்டுவதற்காகக் குழுவாகச் சேர்ந்து வாங்குகிறவர்களும் உண்டு.

ஆனால் அதை ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கைக்குழந்தை தூங்காது. பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் பாடம் மண்டையில் ஏறாது. பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வேறு. சத்தத்தைக் குறைக்க என்ன வழி என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

சத்தம் தாங்காமல் பலர் செய்கிற காரியம், ஜெனரேட்டரைத் தாழ்வாரத்திலோ, பின்கட்டிலோ, மாட்டுக் கொட்டகையிலோ வைத்துக் கதவைச் சாத்துவது. இது உயிரைப் பறிக்கும்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. நம் ரத்தத்தில் பிராணவாயு சேரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், வாந்தி, அசதி என்று ஆரம்பிக்கும். 'வேலை செய்த களைப்பு' என்று படுத்தால் எழுந்திருக்காமலே போகலாம். ஜன்னலைத் திறந்து வைத்தாலும், மின்விசிறி போட்டாலும் வீட்டுக்குள் இது பாதுகாப்பு ஆகாது.

எனவே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சத்தத்தை அடைக்கலாம், காற்றை அடைக்கக் கூடாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

மூன்று இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, புகைக்குழாய். இரண்டு, ஓடுகிற இன்ஜின். மூன்று, அதன் அதிர்வு. தகரமோ சிமெண்ட் தரையோ அந்த அதிர்வை வாங்கி இன்னும் பெரிதாக்கும். மூன்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் உண்டு.

என்ன செய்யலாம்?

1. தள்ளி வையுங்கள். செலவில்லாத வழி இதுதான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். இடம் இருந்தால் இன்னும் தள்ளலாம். அதற்கு ஏற்ற கனமான ஒயர் வேண்டும். மெல்லிய ஒயரும், டேப் சுற்றிய ஒட்டு ஒயரும் சூடாகித் தீப்பிடிக்கும். எவ்வளவு கனம் வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு வாங்குங்கள்.

2. புகைக்குழாயைத் திருப்புங்கள். அதன் வாய் நம் வீட்டையோ பக்கத்து வீட்டையோ பார்க்கக் கூடாது. வெட்டவெளியைப் பார்க்கட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள். நம் வீட்டுச் சத்தம் குறைந்து, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் புகை போனால் அதுவும் ஆபத்துதான்.

3. காலடியில் ரப்பர் போடுங்கள். சமமான மண் தரையில் நிறுத்தி, நான்கு காலுக்கும் கீழே பழைய டயர் துண்டு வையுங்கள். அதிர்வு அடங்கும்.

4. மணல் மூட்டைத் தடுப்பு வையுங்கள். சத்தத்தைத் தடுப்பது கனமான பொருள்தான். சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி, வீட்டுப் பக்கமாக 'ப' வடிவில் அடுக்குங்கள். ஜெனரேட்டரை விட ஒரு அடி உயரமாக இருக்கட்டும். இயந்திரத்துக்கும் மூட்டைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் மூன்று அடி இடைவெளி விடுங்கள். திறந்த பக்கம் புகை வெளியேறும் பக்கம். மேலே மூடக் கூடாது. கீற்றுத் தட்டியும் தெர்மாகோலும் சத்தத்தைத் தடுக்காது, தீ மட்டும் பிடிக்கும்.

5. பராமரியுங்கள். முன்பை விடச் சத்தம் அதிகமாகிவிட்டதா? சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். நட்டு, போல்ட் தளர்ந்திருக்கலாம். இன்ஜின் ஆறிய பிறகு பார்த்து, மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றுங்கள். ஆயில் அளவையும் ஏர் ஃபில்டரையும் அவ்வப்போது பாருங்கள்.

செய்யக் கூடாதவை

- சாக்கு, தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். சூடேறித் தீப்பிடிக்கும்.
- புகைக்குழாய் வாயில் பானை, டப்பா செருகாதீர்கள். குழாய் மாட்டித் தண்ணீர் வாளிக்குள்ளும் விடாதீர்கள். புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறும். நிறுத்தும்போது தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டுக் கெட்டுப் போகலாம்.
- சத்தம் குறையட்டும் என்று வேகத்தைத் திருகிக் குறைக்காதீர்கள். சாதாரண ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் ஓடினால்தான் கரண்ட் சரியாக வரும். குறைத்தால் மோட்டாரும் ஃபிரிட்ஜும் பழுதாகும்.

புதிதாக வாங்குகிறீர்களா?

'இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்' என்று ஒரு வகை இருக்கிறது. வீட்டில் பேட்டரியோடு வைக்கிற இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. எவ்வளவு கரண்ட் தேவையோ அதற்குத் தகுந்தபடி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சத்தமும் பெட்ரோல் செலவும் குறைவு, விலை மட்டும் கூடுதல். இரண்டு எல்.இ.டி. விளக்கும் ஒரு மின்விசிறியும் போதும் என்கிற வீட்டுக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. பேட்டரி இன்வெர்ட்டரே போதும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. கடனுக்கு மனு எழுதும் முன்பு, நமக்கு எதற்குக் கரண்ட் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

அக்கம்பக்கத்தையும் நினைப்போம்

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. ஜெனரேட்டர் அதைத் தாண்டும். ஆகவே தண்ணீர் ஏற்றுவது, மாவு அரைப்பது போன்ற வேலைகளைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். எந்த நேரத்தில் ஓட்டப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும்.

ஆபத்து என்றால்

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி, வாந்தி வந்தால் சந்தேகப்படுங்கள். எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். ஜெனரேட்டர் ஓடியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஊக்குநர்கள் இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் உறுப்பினர் வீடுகளை நேரில் பார்த்து, அதை எங்கே வைப்பது என்று சேர்ந்து முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே இது முடிந்திருக்கட்டும்.