அமெரிக்காவில் ஒரு கோர்ட்டும் ஒரு பிரசவமும்

பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்வந்த அம்மாக்கள் நம் சங்கத்தில் எத்தனையோ பேர். நயாகராவைப் பற்றியும் பிட்ஸ்பர்க் கோயிலைப் பற்றியும் அவர்கள் இந்தப் பக்கங்களில் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது கோர்ட்டைப் பற்றி. முப்பத்து நான்கு வருடம் டெல்லியில் ஓர் அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் ரிட் மனுக்களுக்குப் பாரா-வைஸ் கமெண்ட்ஸ் தயாரித்தே ஓய்வு பெற்றவள் நான். தொழில் வியாதி என்று மன்னித்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி இரண்டாவது வாரம் சியாட்டில் போய் இறங்கினேன். பெண்ணுக்கு மார்ச் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். அவளும் மாப்பிள்ளையும் எச்-1பி விசாக்காரர்கள். ஜனவரி 20 அன்று மீண்டும் பதவியேற்ற ஜனாதிபதி டிரம்ப், அன்றைக்கே ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பனும் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லையென்றால், பிப்ரவரி 19க்குப் பிறகு அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்றது அது. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் என் பெண், "அம்மா, பத்தொன்பதாம் தேதிக்குள்ள சிசேரியன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள். ஐந்து வாரம் முன்னதாக! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

ஜனவரி 23 அன்று, அதே சியாட்டிலில் ஜான் கஃப்நவர் என்ற மாவட்ட நீதிபதி அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தார். இது அப்பட்டமாக அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று வாய்விட்டே சொன்னார். தடை அந்த ஊருக்கு மட்டுமல்ல, நாடு முழுவதற்கும்.

"எப்படி அத்தை, ஒரு ஜில்லா ஜட்ஜ் ஜனாதிபதியை நிறுத்த முடியும்?" என்றார் மாப்பிள்ளை. எனக்கும் முதலில் பிடிபடவில்லை. மாவட்ட நீதிபதி என்றதும் என் கண்முன் வந்தது நம் தீஸ் ஹசாரி கோர்ட்.

நம் நாட்டில் இருப்பது ஒரே ஏணி. மாநிலச் சட்டமோ மத்தியச் சட்டமோ, வழக்கு கீழ்க் கோர்ட்டில் தொடங்கி, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஏறும். அங்கே இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தக் கோர்ட்டுகள், சொந்த உச்சநீதிமன்றம். கொலை, விவாகரத்து, வாடகைத் தகராறு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். மற்றது ஃபெடரல் ஏணி. அடிப்படியில் 94 மாவட்டக் கோர்ட்டுகள், நடுவில் 13 மேல்முறையீட்டுக் கோர்ட்டுகள், உச்சியில் ஒன்பது நீதிபதிகள். அரசியல் சட்டம், மத்தியச் சட்டம், மத்திய அரசு சம்பந்தப்பட்ட வழக்குகள் இந்த ஏணியில் ஏறும். வெவ்வேறு மாநிலத்தார் 75,000 டாலருக்கு மேல் வழக்காடினாலும் ஏறலாம். ஆகவே, அங்கே மாவட்ட நீதிபதி என்றால், அதிகாரத்தில் நம் ஹைகோர்ட் நீதிபதிக்கு ஒப்பானவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் ஒரு நாள் மாப்பிள்ளையிடம் சொல்லி அந்தக் கோர்ட்டையே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாஸ்போர்ட்டைக் காட்டி, பையைச் சோதனைக்குக் கொடுத்தால் போதும், பாஸ் கிடையாது. நான் உட்கார்ந்த அறையில் யாரோ தபால் பெட்டிகளை உடைத்துக் கடிதங்களைத் திருடிய வழக்கு. இதற்கா இவ்வளவு பெரிய கோர்ட் என்று தோன்றியது. தபால் மத்திய அரசினுடையது, அதனால் திருட்டும் ஃபெடரல் குற்றம்! தெருவில் ஒருவரைக் குத்தியிருந்தால் மாநிலக் கோர்ட்டோடு போயிருக்கும். பன்னிரண்டு ஜூரர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் கோர்ட்டுகளின் கூச்சல் இல்லாதது எனக்கு என்னவோ போலிருந்தது.

இத்தனை பலமுள்ள கோர்ட் தானாக வாய் திறக்க முடியாது என்பதுதான் எனக்கு விசித்திரம். நிஜமான வழக்கு, நிஜமான நஷ்டம், அதோடு வந்து நிற்கும் ஆள் வேண்டும். நம் ஜனாதிபதி 143-வது பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டிடம் ஆலோசனை கேட்கலாம். அங்கே 1793-லேயே ஜார்ஜ் வாஷிங்டனின் அரசு ஆலோசனை கேட்டபோது, அது எங்கள் வேலை அல்ல என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். இங்கே ஒரு தபால் கார்டைக்கூடப் பொதுநல மனுவாக எடுத்துக்கொண்ட காலம் உண்டு, அங்கே அது நடக்காது. சியாட்டிலில் வழக்குப் போட்ட நான்கு மாநிலங்களும், குழந்தைகளின் மருத்துவச் செலவுக்கு மத்திய அரசு தரும் பணம் தங்களுக்குக் குறைந்துவிடும் என்று கணக்குக் காட்டித்தான் உள்ளே நுழைந்தன.

இன்னொன்று, பதவிக்காலம். இங்கே ஹைகோர்ட்டில் 62, சுப்ரீம் கோர்ட்டில் 65 வயது. அங்கே ஆயுள் முழுக்க. சம்பளத்தையும் குறைக்க முடியாது. கஃப்நவரை 1981-ல் நியமித்தவர் ரீகன், அதாவது டிரம்ப்பின் அதே கட்சி. எண்பது வயது கடந்த அந்த மனிதருக்கு இனி யாரிடம் என்ன ஆகவேண்டும்? இத்தனை வருடத்தில் நாடாளுமன்றம் குற்றம் சாட்டிய ஃபெடரல் நீதிபதிகள் பதினைந்து பேர், பதவி இழந்தவர்கள் எட்டே பேர்.

கோர்ட் என்றால் எப்போதும் நம் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்கை, அங்கே பிறந்தவன் அந்நாட்டுக் குடிமகனே என்று 1898-ல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே நீதிமன்றம்தான் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்றது. இத்தனைக்கும் அவர் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தார்கள். 1946-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்த பிறகே அந்தக் கதவு திறந்தது. திண்ட் தீர்ப்பு வந்த நாள் 1923 பிப்ரவரி 19. தேதியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

மார்ச் 27 அன்று பேத்தி பிறந்தாள், சுகப்பிரசவம். மே மாதம் அவளுடைய நீல நிற பாஸ்போர்ட் தபாலில் வந்தது. சாமி படத்தின் முன் வைத்துவிட்டுத்தான் பிரித்தோம்.

கதை அதோடு முடியவில்லை. என் தம்பி பெண் ஹூஸ்டனில் இருக்கிறாள். அவளும் எச்-1பிதான், ஆகஸ்டில் பிரசவம். ஜூன் 27 அன்று உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு மாவட்ட நீதிபதியின் தடை, வழக்குப் போட்டவருக்கு முழு நிவாரணம் தரும் அளவுக்குத்தான் போகலாம், நாட்டுக்கே குடை பிடிக்கக்கூடாது என்று. உத்தரவு சரியா தவறா என்ற மூலக் கேள்வியை அன்று அவர்கள் தொடவே இல்லை. முப்பது நாளுக்கு உத்தரவு அமலாகாது என்று மட்டும் சொன்னார்கள். முப்பது நாள் என்றால் ஜூலை கடைசி. டெக்சாஸ் வழக்குப் போட்ட மாநிலம் அல்ல. தம்பி கோயம்புத்தூரிலிருந்து தினம் இரண்டு முறை போன் செய்தான். "அக்கா, நீ சட்டப் பிரிவுல இருந்தவதானே, சொல்லேன்" என்பான். நான் தீர்ப்பை மூன்று முறை படித்தேன். ஒரே நிலையில் இருக்கும் எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குப் போடும் வழியை அது மூடவில்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. அது அவனுக்குப் போதவில்லை.

ஜூலை 10, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாள். நாட்டின் மறுகோடியில், நியூ ஹாம்ப்ஷயரில், லப்லான்ட் என்ற மாவட்ட நீதிபதி, பிப்ரவரி 20 முதல் பிறந்த, பிறக்கப்போகிற, உத்தரவால் பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோரையும் ஒரே வழக்காகச் சேர்த்துத் தடை விதித்தார். தம்பிக்கு அப்போது நடுராத்திரி. எழுப்பிச் சொன்னேன்.

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஹூஸ்டன் குழந்தைக்கு நியூ ஹாம்ப்ஷயர் ஜட்ஜ் கையெழுத்தா? அது எங்கக்கா இருக்கு?" என்றான். மேப்பில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.